தட்டு இட்லி முதல் மந்தி வரை: புது மெனுவை உரசிப் பார்த்தால்

புதிதாக ஒரு சைவ ஓட்டல் திறந்தால், மெனு கார்டின் மேல் வரிசையில் என்ன இருக்கும் என்பதை இப்போது உள்ளே போகாமலே சொல்லிவிடலாம். நெய்ப் பொடி இட்லி, தட்டு இட்லி, பென்னே தோசை, சிறுதானியப் பொங்கல். அசைவ ஓட்டல் என்றால் மந்தி என்கிற அரபு இறைச்சிச் சோறு. சென்னையில் மட்டுமல்ல, மாவட்டத் தலைநகரங்களில் பைபாஸ் ஓரத்தில் திறக்கும் கடைகளிலும் இதே பட்டியல்தான்.

தட்டு இட்லி கர்நாடகத்தின் பிடதி, துமகூரு பக்கத்துப் பண்டம். பென்னே தோசை தாவணகெரேயுடையது. மந்தி ஏமனின் ஹத்ரமௌத் பகுதியில் பிறந்து, வளைகுடா நாடுகள் வழியாக ஹைதராபாத்துக்கும் கேரளத்துக்கும் வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்தது. பொடி இட்லி நம் வீட்டுப் பண்டம்தான். ஆனால் நல்லெண்ணெய் இருந்த இடத்தில் நெய் வந்து உட்கார்ந்தது பெங்களூரு வழியாக. 2021இல் அங்கே தொடங்கிய ராமேஸ்வரம் கஃபே, நெய்யும் பொடியும் வழிய வழியக் கொடுக்கும் இட்லியையும் தோசையையும் ஊரறியச் செய்ததில் பெரிய பங்கு வகித்தது.

வரவுகள் எல்லாம் நல்ல வரவுகளே. பக்குவமாகச் செய்தால் ஒவ்வொன்றும் அருமையான சாப்பாடு. குறை எங்கே என்றால், பெயரும் தட்டின் அழகும் வந்து சேர்ந்த வேகத்தில் பக்குவம் வந்து சேரவில்லை. நெய், வெண்ணெய், பொடி, புகை என்று மேலே போடுவதில் காட்டும் தாராளம், அடியில் இருக்கும் மாவிலும் அரிசியிலும் இல்லை. அதனால் இங்கே ஒவ்வொரு பண்டத்தையும் மேல்பூச்சை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து பார்க்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன் மாவு

மேலே சொன்னவற்றில் மூன்று, மாவை நம்பி நிற்பவை. ஓட்டல் அளவில் நம்பகமான கணக்கு இது: ஒரு கிலோ இட்லி அரிசிக்கு (குண்டு அரிசி, ஏடிடி 37 மாதிரி) 250 கிராம் முழு வெள்ளை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஊற வேண்டும். உளுந்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். ராத்திரியே இரண்டையும் சேர்த்து ஊறப்போட்டுவிட்டுப் போகிற பழக்கம் பல சமையல் கூடங்களில் இருக்கிறது. அதிகம் ஊறிய உளுந்து ஆட்டும்போது பொங்கி எழாது, பிசுபிசுவென்று இறங்கிவிடும்.

உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஆட்ட வேண்டும். பெரிய டில்டிங் கிரைண்டரில் கல் சூடேறும். அந்தச் சூடு மாவுக்கு ஏறினால் காற்றைப் பிடித்துவைக்கிற பசை கெட்டுப்போகும். உளுந்தில் உள்ள புரதமும் ஒருவகைப் பசைச் சர்க்கரையும் சேர்ந்துதான் புளிக்கும்போது வரும் வாயுவைச் சிறைப்பிடித்து வைக்கின்றன. பதம் தெரிந்துகொள்ள ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் போதும். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். அரிசி ரவைப் பதத்தில் நிற்க வேண்டும், நைசாகப் போய்விடக் கூடாது. கலந்த பிறகு 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம். சென்னையில் மே மாதம் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மார்கழியில் பன்னிரண்டு ஆனாலும் ஆகும். கடிகாரத்தைப் பார்த்து மாவை எடுக்கிற மாஸ்டரிடம் வருடத்தில் பாதி நாள் இட்லி கோளாறாகத்தான் இருக்கும்.

கிளைகள் பெருகியபோது மாவு மத்திய சமையல் கூடத்துக்குப் போய்விட்டது. அது தவறில்லை. ஒரே தரம் வேண்டுமென்றால் அதுதான் வழி. தவறு கிளையில் நடக்கிறது. நான்கு டிகிரி குளிரில் இருந்த வாளியைக் காலை ஐந்தரைக்கு எடுத்து நேராகத் தட்டில் ஊற்றி அவிக்கிறார்கள். குளிர்ந்த மாவு வேக அதிக நேரம் பிடிக்கும்; வழக்கமான பத்து நிமிடத்தில் எடுத்தால் நடுவில் பிசுக்கு நிற்கும். வாளியை ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்தாலே பாதிப் புகார் தீரும். இன்னொரு குறுக்குவழி சோடா உப்பு. உளுந்தைக் குறைத்துவிட்டு சோடாவால் எழுப்பிய இட்லி பார்க்கப் புசுபுசுவென்று இருக்கும். ஆனால் ஆறினால் வறண்டு உதிரும், சாம்பாரில் போட்டால் கரையும், லேசான சோப்பு வாடை நாக்கின் பின்பக்கம் தங்கும்.

ஆகவே புது ஓட்டலுக்குப் போகிறவர்கள் முதல் தடவை ஒரே ஒரு காரியம் செய்யலாம். எதை ஆர்டர் செய்தாலும் கூடவே ஒரு சாதா இட்லி கேளுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். பிட்டால் உள்ளே ஒழுங்கற்ற சிறு கண்கள் தெரிய வேண்டும். புளிப்பு மூக்குக்குத் தெரியலாம், தொண்டையில் எரியக் கூடாது. இந்த ஒரு இட்லி தேறினால் மெனுவின் மற்ற வரிகளையும் நம்பலாம்.

நெய்ப் பொடி இட்லி

தரமான மாவை எடுத்துக்காட்டவும் இதனால் முடியும், மோசமான மாவை மறைக்கவும் முடியும். இப்போது பெரும்பாலும் இரண்டாவதற்கே பயன்படுகிறது. முதல் நாள் மீந்த மினி இட்லியை நெய்யில் புரட்டிப் பொடி தூவிவிட்டால் பழசு என்று யாருக்கும் தெரியாது. பழைய இட்லியைப் புரட்டித் தருவது வீட்டு வழக்கம்தான், அதில் குற்றமில்லை. ஆனால் மெனுவில் சிறப்புப் பண்டம் என்று போட்டு, சாதா இட்லியைப் போல இரண்டு மடங்கு விலை வைக்கும்போது இட்லி அன்றைக்கு அவித்ததாக இருக்க வேண்டும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு இட்லியைக் குறுக்கே பிளந்து பாருங்கள். நெய் ஓரத்தில் ஒரு கோடு போல நின்று நடு வெள்ளையாக இருந்தால் புது இட்லி. நெய் நடுவரை ஊறி, இட்லி சிவந்து கனத்திருந்தால் காய்ந்து போனதைப் புரட்டியிருக்கிறார்கள்.

பொடியைப் பார்ப்போம். ஒரு பங்கு உளுந்து, அரைப் பங்கு கடலைப்பருப்பு, கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக எள், காய்ந்த மிளகாய் காரத்துக்கேற்ப, கட்டிப் பெருங்காயம், கல்லுப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனென்றால் எள் பொரிந்து முடிக்கிற நேரத்தில் உளுந்து பாதிகூடச் சிவந்திருக்காது. வறுத்தது முழுக்க ஆறிய பிறகு அரைக்க வேண்டும். சூட்டோடு மெஷினில் போட்டால் எள் எண்ணெய் விட்டுப் பொடி கட்டி கட்டியாகும்; அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். எள் சேர்த்த பொடியை வாரம் ஒருமுறை அரைக்கிற கடைக்கும், மாதம் ஒருமுறை அரைக்கிற கடைக்கும் வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். பூண்டுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நிலக்கடலைப் பொடி என்று வரிசை நீண்டிருக்கிறது. இதில் பூண்டுப் பொடிதான் அதிகம் கெடுவது. பூண்டை நீர் வற்றச் சுண்ட வறுக்காமல் அரைத்தால் ஈரம் தங்கி, மூன்றாம் நாள் புளித்த வாடை வந்துவிடும்.

நெய். ஒரு தட்டுக்கு 15 மில்லி நெய், 15 கிராம் பொடி என்பது நாக்குக்குப் போதுமான அளவு. கிலோ நெய் 650 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 15 மில்லிக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் ஆகாது. சாதா இட்லிக்கும் நெய்ப் பொடி இட்லிக்கும் மெனுவில் 50 ரூபாய் வித்தியாசம் போடுகிற கடை, அந்த ஒன்பது ரூபாயிலும் கை வைக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் வனஸ்பதியோ, "சமையல் கொழுப்பு" என்று டின்னில் வருவதோ கலக்கிற இடங்கள் இருக்கின்றன. தட்டை ஐந்து நிமிடம் அப்படியே ஏசிக் காற்றில் விடுங்கள். நெய் மணல் மணலாக உறையும், வாயில் வைத்ததும் உருகி ஓடும். வனஸ்பதி மெழுகு போல வழுவழுப்பாக உறைந்து, மேலண்ணத்தில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும், வெந்நீர் குடித்தாலும் சட்டென்று போகாது.

சில கடைகளில் பார்வைக்காக 40, 50 மில்லி வரை நெய்யை ஊற்றி, இட்லியைக் குளத்தில் மிதக்க விடுகிறார்கள். 50 மில்லி நெய் என்றால் அதுமட்டும் 400 கலோரிக்கு மேல். மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேல் கிளை உள்ளவையும் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பரிமாறும் அளவுக்கான கலோரியைப் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த எண்ணைப் போடும் கடைகளிலும் கேள்வி ஒன்று பாக்கி: எத்தனை மில்லி நெய்க்கு அந்தக் கணக்கு? நெய்யை அளவுக் கரண்டியில் ஊற்றுகிற கடையின் எண்ணுக்கு மட்டுமே மதிப்பு உண்டு. டப்பாவைச் சாய்த்து ஊற்றும் கடையின் எண் வெறும் அச்சு.

தீர்ப்பு: சாதா இட்லிச் சோதனையில் தேறிய கடையில் தாராளமாகச் சாப்பிடலாம். முடிந்தால் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் கேட்டுப் பாருங்கள். செக்கு நல்லெண்ணெய் வைத்திருக்கும் கடையில் அதுதான் பொடிக்குப் பொருத்தம். எள் போட்ட பொடியின் மணத்தை எள்ளெண்ணெய் தூக்கிக் கொடுக்கும். நெய் அதன் மேல் தன் மணத்தைப் போர்த்திவிடும்.

தட்டு இட்லி

பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் சாலையில் பிடதியில் நிறுத்திச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்: அகலமாக, தட்டையாக, கையில் எடுத்தால் தொய்ந்து மடங்கும், ஆனால் உடையாது. மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் சட்னி. அந்தத் தொய்வுதான் இந்த இட்லியின் உயிர்.

நம் ஊர் ஓட்டல்களில் நடப்பது, வழக்கமான இட்லி மாவை ஐந்தாறு அங்குலத் தட்டில் ஊற்றி அவிப்பது. உடைகிறது. ஏன்? நம் குழி இட்லிக்கு வடிவம் கொடுப்பது குழி. நடு உப்பி, ஓரம் மெலிந்து, வேகும்போதே தன்னைத் தாங்கிக்கொள்ளும். தட்டில் அது கிடையாது. ஒரே கனத்தில் அகலமாகப் பரந்த மாவுக்கு உள்ளிருந்து இழுத்துப்பிடிக்க ஒரு பசை வேண்டும். கர்நாடகத்தில் அதற்காக அவல் சேர்க்கிறார்கள். சில இடங்களில் ஜவ்வரிசியும் சேரும். ஒரு கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் உளுந்து, 100 முதல் 125 கிராம் கெட்டி அவல், 75 முதல் 100 கிராம் ஜவ்வரிசி. ஜவ்வரிசியை அரிசியோடு ஊறப்போடலாம். அவல் பத்து நிமிடம் நனைந்தால் போதும், ஆட்டும் கடைசிக் கட்டத்தில் சேர்க்க வேண்டும். மாவு நம் இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும்.

ஊற்றும் கனம் தட்டின் ஆழத்தில் முக்கால் பாகத்தைத் தாண்டக் கூடாது, எழும்ப இடம் வேண்டும். அடுக்குத் தட்டுகளில் இன்னொரு பிரச்சினை: மேல் தட்டின் அடியில் குவிகிற நீராவி சொட்டுச் சொட்டாகக் கீழ் இட்லியின் முகத்தில் விழும். வட்ட வட்டமாகக் குழி விழுந்து, அந்த இடம் மட்டும் கொழகொழவென்று இருந்தால் காரணம் இதுதான். தட்டுகளுக்கு நடுவே இடைவெளி கூட்டினாலோ, மேலே ஒரு ஈரத்துணி கட்டினாலோ சரியாகும். வேகும் நேரம் 12 முதல் 15 நிமிடம். இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் கத்தி விட்டுக் கிளப்பினால் அடி தட்டிலேயே தங்கிவிடும்.

சாப்பிடுகிறவர் பார்க்க வேண்டியது ஒன்றே. சப்ளையர் கொண்டுவந்து வைத்ததும் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். தொய்ந்து வளைந்தால் மாவு சரி. பிளவு விட்டால் அது தட்டில் ஊற்றிய சாதா இட்லி. அதற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பாதிக்கு மேற்பட்ட கடைகள் இங்கே தோற்கின்றன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பட்டியலிலேயே திருத்த மிகச் சுலபமான பிழை இது. நூறு கிராம் அவலின் செலவுதான்.

பென்னே தோசை

பென்னே என்றால் கன்னடத்தில் வெண்ணெய். தாவணகெரே தோசை நம் ஓட்டல் ரோஸ்ட் போல மெல்லியதாக, கூம்பாக, தட்டை விட்டு நீளும் பண்டம் அல்ல. சிறியது, கனமானது; அடி மொறுமொறுவென்று செம்பழுப்பாக, மேலே பஞ்சு போல, கண் கண்ணாக இருக்கும். கூட வருவது மஞ்சள் போடாத, வெள்ளையான உருளைக்கிழங்குப் பல்யா, அதாவது கிழங்குக் கறி. தளர்வான தேங்காய்ச் சட்னி. உள்ளே சிவப்புச் சட்னி தடவுவது மைசூரு மசாலா தோசையின் வழக்கம். தாவணகெரேயில் அது கிடையாது. நம் ஊரில் பென்னே தோசை என்று கேட்டால் சிவப்புச் சட்னியும் மஞ்சள் கிழங்கும் வைத்துச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். சுவையாகவே இருக்கலாம், ஆனால் கேட்ட பண்டம் அதில்லை.

மாவின் ரகசியம் பொரி. ஒரு கிலோ அரிசிக்கு 200 கிராம் உளுந்து, 10 கிராம் வெந்தயம், நான்கைந்து கைப்பிடி பொரி. பொரியை இரண்டு நிமிடம் நனைத்துப் பிழிந்து அரிசியோடு ஆட்டுவார்கள். ஏற்கெனவே வெந்த மாவுச்சத்து என்பதால் தோசை உள்ளே மெத்தென்று நிற்க உதவுகிறது. பொரி போடாமல் நம் தோசை மாவையே கனமாக ஊற்றினால் ஊத்தப்பமாகிறது. மெல்லியதாக ஊற்றினால் வெண்ணெய் ரோஸ்ட் ஆகிறது.

கல்லில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வார்ப்பு இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறார்கள். இது சுத்தத்துக்காக மட்டுமல்ல, சூட்டை இறக்க. கல் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் மாவு கரண்டியோடு சுருண்டு வரும், பரவாது. ஒரு கரண்டி மாவை நடுவில் விட்டு இரண்டே சுற்று, அதற்கு மேல் தேய்க்கக் கூடாது. கண் திறந்ததும் வெண்ணெய். மேலே ஒரு உருண்டை, ஓரத்தைச் சுற்றி இன்னொன்று. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது கல்லில் பட்டுப் படபடவென்று ஆவியாகும்போது தோசையின் மேல்பக்கம் வேகிறது. அதனால்தான் திருப்பிப் போடாமலே வெந்துவிடுகிறது. தண்ணீர் போன பிறகு வெண்ணெயில் இருக்கும் பால் சத்து சிவந்து, கடலை வறுத்தது போன்ற மணம் வரும். அந்த மணம் வந்த அரை நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். விட்டால் கருகிக் கசக்கும். இந்த இரண்டு வேலைகளையும் நெய் செய்யாது, அதில் தண்ணீரும் இல்லை பால் சத்தும் இல்லை. மார்கரினில் தண்ணீர் உண்டு, ஆனால் அந்த மணம் வராது.

ஆகவே, தோசையைச் சுட்டு இறக்கிய பிறகு மேலே ஒரு சதுர வெண்ணெயை வைத்துப் படம் பிடிக்க வசதியாகக் கொடுக்கும் கடைகளில் பென்னே தோசை கிடைப்பதில்லை. வெண்ணெய் வைத்த தோசை கிடைக்கிறது. இன்னொரு பிழை உப்பு போட்ட மஞ்சள் டேபிள் வெண்ணெய். மாவில் உப்பு, சட்னியில் உப்பு, பல்யாவில் உப்பு, அதன் மேல் இதுவும் சேரும்போது மூன்றாவது வாயிலேயே தண்ணீர் கேட்கும். உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் வேண்டும், அன்றாடம் வாங்கியதாக இருந்தால் சிறப்பு. ஒரு தோசைக்கு 20 முதல் 25 கிராம். அதற்குக் கீழே போனால் பெயருக்கு ஏற்காது.

இந்தப் பட்டியலில் மாஸ்டரின் கையை முழுக்க நம்பி இருப்பது இது ஒன்றுதான். அதனால் கூட்ட நேரத்தில் ஆர்டர் செய்யாமல் இருப்பது நல்லது. ஒரே கல்லில் எட்டு தோசை போகிற நேரத்தில் அரை நிமிடக் கணக்கெல்லாம் யாராலும் பார்க்க முடியாது. மாலை நாலரை, ஐந்து மணி இதற்கு வாகான நேரம்.

சிறுதானியம்

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, மெனுவில் இதற்கென்று ஒரு பக்கமே ஒதுக்கிவிட்டார்கள். சாமைப் பொங்கல், குதிரைவாலி பிசிபேளாபாத், வரகு தயிர்சாதம், கேழ்வரகு தோசை, கம்பு இட்லி.

முதல் கேள்வி: எவ்வளவு சிறுதானியம்? "மில்லட் தோசை" என்று வருவது பல இடங்களில் சாதா மாவில் இரண்டு கரண்டி கேழ்வரகு மாவு கலந்ததுதான். நிறம் மாறும், வேறொன்றும் மாறாது. நான்கு பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு உளுந்து அரைத்துச் சேர்த்துப் புளிக்கவிட்டால் அரிசியே இல்லாமல் தோசை வரும். கிழியாமல் எடுக்க மிதமான சூடும் மூடி போட்டு வேகவைக்கிற பொறுமையும் வேண்டும். விகிதத்தைக் கேட்டால் சொல்கிற கடையில் நம்பிச் சாப்பிடலாம்.

பொங்கலுக்கு ஒரு பங்கு சாமை, அரைப் பங்கு பாசிப்பருப்பு, ஐந்து பங்கு தண்ணீர். பச்சரிசிப் பொங்கலைவிடச் சீக்கிரம் இறுகும் என்பதுதான் இதன் குணம். காலை ஆறு மணிக்குச் செய்து பத்து மணி வரை ஹாட் பாக்ஸில் வைத்தால் கரண்டி இறங்காத கட்டியாகிவிடும். அதை இளக்க மேலும் மேலும் நெய்யும் வெந்நீரும் ஊற்றுவார்கள், மிளகு சீரகமெல்லாம் நீர்த்துப் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறு குக்கரில் வைப்பதுதான் வழி. கம்பில் வேறு சிக்கல். கொழுப்பு அதிகம் என்பதால் மாவாக அரைத்துவைத்தால் சில நாளிலேயே கசப்பு ஏறும். கம்பு தோசை கசந்தால் மாஸ்டர் மேல் கோபப்பட வேண்டாம், மாவு பழசு.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. குழையக் குழைய வெந்த சாமைப் பொங்கல், சிறுதானியம் என்பதாலேயே சர்க்கரையை ஏற்றாமல் இருந்துவிடாது. உதிரியாக வடித்த வரகுச் சோறு, காய்கறியோடு, அளவாகச் சாப்பிட்டால் பொங்கலைவிட மேல்.

மந்தி

உண்மையான மந்தி ஒரு குழி அடுப்புச் சமையல். கீழே மசாலா வெந்நீரில் வேகும் நீள அரிசி, அதன் மேல் தொங்கவிட்ட அல்லது கம்பித் தட்டில் அடுக்கிய இறைச்சி, குழியின் வாயை மண் பூசி அடைத்துவிடுவார்கள். கோழிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஆட்டிறைச்சிக்கு இன்னும் அதிகம். இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் அரிசியில் இறங்குவதுதான் அதன் ருசி. மசாலா குறைவு: சீரகம், மல்லி, மிளகு, ஏலம், கிராம்பு, கொஞ்சம் மஞ்சள். காரத்துக்குத் தனியாக ஒரு தக்காளி மிளகாய்ச் சட்னி.

குழியில்லாத கடையில் நடப்பது: நெய்ச்சோறு தனியாக, கோழி தனியாக. கோழியைப் பொரித்தோ அல்ஃபாஹம் (கரியில் சுடும் அரபுக் கோழி) போலச் சுட்டோ சோற்றின் மேல் வைத்து, நடுவில் ஒரு கிண்ணத்தில் கங்கு வைத்து நெய் சொட்டி ஐந்து நிமிடம் மூடிவிடுகிறார்கள். புகை மேல் அடுக்கில் மட்டும் நிற்கும். தட்டின் அடியிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். அங்கே இறைச்சி வாசமும் லேசான பிசுபிசுப்பும் இருந்தால் மந்தி. வெறும் பட்டை கிராம்பு வாசம் என்றால் நெய்ச்சோறு. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, மஞ்சள் நிறம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிரியாணிக்கும் சோற்றுக்கும் பொரித்த கோழிக்கும் செயற்கை நிறமி சேர்க்க உணவு விதிகளில் அனுமதி கிடையாது.

கூட வரும் மயோனைஸும் கவனிக்க வேண்டியது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது, சால்மொனெல்லா போன்ற கிருமிகளின் பயத்தால். அதன் பிறகு முட்டையில்லாத மயோனைஸுக்கும், பூண்டும் தயிரும் கலந்த சாஸுக்கும் மாறிய கடைகள் உண்டு. மந்திக்குத் தயிர் சாஸே நன்றாகப் பொருந்துகிறது. எதுவானாலும் குளிர்ப்பெட்டியிலிருந்து வர வேண்டும், கல்லாப் பக்கத்தில் திறந்து வைத்த டப்பாவிலிருந்து அல்ல.

அளவு விஷயத்தில் நான்கு பேர் தட்டுக்கு 600 கிராம் அரிசி, ஒன்றரைக் கோழி என்றால் நியாயம். "ஃபுல் மந்தி" என்று எழுதி ஒரு கோழியையும் மலை போலச் சோற்றையும் வைக்கும் இடங்களில் சோறு மீந்துதான் போகும். மீந்ததைப் பார்சல் கட்டும்போது ஒன்று கவனியுங்கள். வெந்த சோற்றில் தங்கும் கிருமி ஒன்று அறை வெப்பத்தில் நச்சை உண்டாக்கும், அதைத் திரும்பச் சுட வைத்தாலும் அந்த நச்சு போகாது. அதனால் கடையில் சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்ததா என்பது முதலில் முக்கியம். தட்டில் வரும்போதே ஆவி பறக்கவில்லை என்றால் பார்சலே வேண்டாம். ஆவி பறந்தது என்றால், இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போய் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கோழியை எலும்பிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் வைத்தால் மறுநாள் இரண்டையும் தனித்தனியே ஆவி வரச் சூடாக்குவது சுலபம்.